"வயிறு கழுவினவையோ?": நஞ்சு உள்ளே போனபின் உயிரைக் காப்பது எது?

ஒருவர் நஞ்சருந்தி வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டிருக்கிறார் என்ற செய்தி ஊருக்குள் வந்ததும் பெரும்பாலும் எழும் முதல் கேள்வி, "வயிறு கழுவினவையோ?" என்பதுதான். கழுவியாயிற்று என்றால் ஓர் ஆறுதல். இல்லையென்றால் பதற்றம், பிறகு கோபம். அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்கும் உறவினர்கள் தாதியரிடமும் வைத்தியரிடமும் திரும்பத் திரும்பக் கேட்பதும் அதையே: "ஏன் இன்னும் கழுவேல்லை?"

அந்தக் கேள்வியில் பாசமும் பயமும் இருக்கின்றன. போர்க்காலத்தில் மருந்தில்லாத வைத்தியசாலைகளில் உறவுகளைப் பறிகொடுத்த மக்களுக்கு வேறொன்றும் இருக்கிறது: "எங்கட ஆளுக்குச் செய்யவேண்டியதைச் செய்யாமல் விட்டுவிட்டார்களோ" என்ற சந்தேகம். வவுனியாவிலிருந்தோ மன்னாரிலிருந்தோ அநுராதபுரத்துக்கு மாற்றப்பட்டு, மொழி விளங்காத விடுதியொன்றின் வெளியே காத்திருக்கும் குடும்பத்துக்கு அந்தச் சந்தேகம் இரண்டு மடங்காகும்.

ஆனால் இன்றைய மருத்துவ அறிவு சொல்வது வேறு. நஞ்சருந்தியவர்களில் பெரும்பாலானோருக்கு வயிறு கழுவுதல் உயிர்காக்கும் சிகிச்சை அல்ல. சிலருக்கு அதுவே உயிராபத்தாகவும் முடியலாம். இந்த முடிவுக்கு ஆதாரமான ஆய்வுகளில் முக்கியமான சில நமது நாட்டு வைத்தியசாலைகளிலேயே நடந்தவை. இருந்தும், அவற்றின் பயன் விடுதியின் வாசலில் நிற்கும் குடும்பங்களை இன்னும் சரியாக வந்தடையவில்லை.

எப்படிச் செய்கிறார்கள்?

வயிறு கழுவுதல் என்பது வாய்வழியாக இரைப்பை வரை ஒரு குழாயைச் செலுத்தி, அதனூடாக நீரை விட்டு, திரும்ப வெளியே எடுப்பது. மூக்கால் விட்டு உணவு கொடுக்கும் மெல்லிய குழாய் இதற்குப் போதாது. பெரியவர்களுக்குப் பயன்படும் குழாய் ஏறத்தாழ 12 மில்லிமீற்றர் விட்டம் கொண்டது, சுண்டுவிரல் மொத்தம் இருக்கும். நோயாளியை இடப்பக்கமாகச் சரித்து, தலையைச் சற்றுத் தாழ்த்திப் படுக்க வைப்பார்கள். இடப்பக்கம் படுக்கும்போது இரைப்பையிலிருந்து குடலுக்குச் செல்லும் வாசல் மேற்பக்கமாக வரும். அதனால் உள்ளே இருப்பது குடலுக்கு இறங்குவது குறையும். தலை தாழ்ந்திருந்தால், வாந்தி வந்தாலும் அது நுரையீரலுக்குள் போகும் வாய்ப்புக் குறைவு.

பெரியவருக்கு ஒரு தடவையில் விடும் நீர் 200 முதல் 300 மில்லிலீற்றர் வரைதான். அதற்கு மேல் விட்டால், வெளியே வரவேண்டிய நஞ்சு குடலை நோக்கித் தள்ளப்படும். பிள்ளைகளுக்கு நிறைக்கேற்ப அளவைக் குறைத்து, வெறும் நீருக்குப் பதிலாக சேலைன் பயன்படுத்துவார்கள். இல்லாவிட்டால் குருதியில் உள்ள உப்பின் அளவு குழம்பிவிடும். வெளியே வரும் நீர் தெளியும்வரை இப்படித் திரும்பத் திரும்பச் செய்வார்கள்.

இவ்வளவும் ஒழுங்காக நடக்க வேண்டுமானால் நோயாளி சுயநினைவோடு இருக்க வேண்டும், ஒத்துழைக்க வேண்டும். நினைவு மங்கியவர் என்றால் முதலில் மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாய் வைத்து, சுவாசப் பாதையைப் பாதுகாத்த பின்னரே இதைச் செய்யலாம். அதற்குப் பயிற்சி பெற்ற வைத்தியரும் உபகரணங்களும் தேவை. சிறிய பிரதேச வைத்தியசாலையொன்றில் நள்ளிரவில் இவை எல்லாம் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

200 வருடப் பழக்கம்

இந்த முறை புதியதல்ல. அமெரிக்காவின் பிலடெல்பியா நகர சத்திரசிகிச்சை வைத்தியர் பிலிப் சிங் பிசிக், மருந்து அளவு மீறிய இரட்டைக் குழந்தைகளுக்கு 1812இல் இதைச் செய்ததாகப் பதிவு உண்டு. 1822இல் இங்கிலாந்தின் எட்வர்ட் ஜூக்ஸ் தன் உடலிலேயே இதைப் பரிசோதித்துப் பார்த்தார். அதன்பின் ஏறக்குறைய 150 வருடங்களுக்கு, நஞ்சு என்றால் வயிறு கழுவுவது என்பது உலகெங்கும் கேள்வியில்லாத வழக்கமாக இருந்தது. வயிற்றுக்குள் நஞ்சு இருக்கிறது, ஆகவே அதை வெளியே எடுக்க வேண்டும் என்ற எண்ணம் யாருக்கும் சரியாகத்தான் படும்.

அதை அளந்து பார்த்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. விருப்பத்தோடு முன்வந்தவர்களுக்குத் தீங்கற்ற பொருட்களைக் கொடுத்து, பின்னர் வயிற்றைக் கழுவி எவ்வளவு திரும்ப வருகிறது என்று பார்த்தார்கள். வெளியே வந்த அளவு ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபட்டது. நேரம் செல்லச் செல்ல அது வேகமாகக் குறைந்தது. திரவமாக உள்ளே போனது இரைப்பையில் நெடுநேரம் தங்குவதில்லை. கிராமத்திலிருந்து முச்சக்கரவண்டி பிடித்து, பிரதேச வைத்தியசாலைக்குப் போய், அங்கிருந்து மாவட்ட வைத்தியசாலைக்கு மாற்றப்படும் ஒருவருக்கு அந்த நேரம் பெரும்பாலும் கடந்துவிடுகிறது.

இந்த ஆய்வுகளைத் தொகுத்து, அமெரிக்காவினதும் ஐரோப்பாவினதும் மருத்துவ நச்சியல் அமைப்புகள் 1997இல் கூட்டாக ஒரு நிலைப்பாட்டை வெளியிட்டன. 2004இலும் 2013இலும் அதை மீளாய்வு செய்தன. அதன் சாரம்: வயிறு கழுவுதலை வழமையான சிகிச்சையாகச் செய்யக்கூடாது. உயிருக்கு ஆபத்தான அளவு நஞ்சு உட்சென்று, மிகக் குறுகிய நேரத்துக்குள் நோயாளி வந்து சேரும் அரிதான வேளைகளில் மாத்திரம் யோசிக்கலாம். அதையும் பயிற்சி பெற்றவர்களே செய்ய வேண்டும்.

நம் வைத்தியசாலைகளில் கண்டது

மேற்குலக நிலைப்பாடு நமக்குப் பொருந்துமா என்று கேட்பது நியாயம். அங்கே பெரும்பாலும் மாத்திரைகள், இங்கே விவசாய நஞ்சுகள். அந்தக் கேள்விக்கான விடையைத் தேடியவர்களில் ஒருவர், 1990களிலிருந்து இலங்கையில் பணியாற்றிய பிரித்தானிய நச்சியல் வைத்தியர் மைக்கேல் எடில்ஸ்டன். அவரும் இலங்கை வைத்தியர்களும் சேர்ந்து, இங்குள்ள 4 வைத்தியசாலைகளில் அடுத்தடுத்து நடந்த 14 வயிறு கழுவுதல்களை நேரில் அவதானித்து 2007இல் அறிக்கை வெளியிட்டனர். அந்த 14 பேரில் சிலருக்கு, கழுவுதலாலேயே ஏற்பட்டதாகக் கருதத்தக்க பாரதூரமான பாதிப்புகள் வந்தன. இதயம் நின்றுபோனதும், நீர் நுரையீரலுக்குள் சென்றதாகக் கருதப்பட்டதும் அவற்றில் அடங்கும்.

அந்த அறிக்கை சொன்ன இன்னொரு விடயம் நம்மைப் பற்றியது. வைத்தியசாலை ஊழியர்கள் வயிறு கழுவுதலை உயிர்காக்கும் சிகிச்சையென்று நம்பியிருந்தார்கள். அதைச் செய்யும்படி சக ஊழியர்களிடமிருந்தும் உறவினர்களிடமிருந்தும் அவர்களுக்கு அழுத்தம் இருந்தது. வாசலில் நின்று நாம் கேட்கும் "ஏன் இன்னும் கழுவேல்லை?" என்ற கேள்வியும், தேவையற்ற ஒரு கழுவுதலுக்குக் காரணமாகலாம்.

இதன் அடுத்த படியாக, மருத்துவக் கரி பற்றிய ஆய்வையும் பார்க்க வேண்டும். கறுப்பு நிறக் கரைசலாகக் குடிக்கக் கொடுக்கும் இந்தக் கரி, வயிற்றிலுள்ள நஞ்சைத் தன்னோடு ஒட்டவைத்துக்கொள்ளும். இலங்கையின் 3 வைத்தியசாலைகளில் 4,600க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2008இல் லான்செற் மருத்துவ இதழில் வெளியானது. கரியைப் பல தடவை பெற்றவர்களில் 6.3 சதவீதமானோரும், கரியே பெறாதவர்களில் 6.8 சதவீதமானோரும் இறந்தனர். பெரிய வித்தியாசம் இல்லை. வடக்கில் நன்கு அறியப்பட்ட ஒரு தாவர நஞ்சுக்கு மாத்திரம், அதற்கு முன் 2003இல் வெளியான 401 பேர் கொண்ட ஆய்வில் கரியால் நல்ல பயன் தெரிந்தது. அந்தத் தாவரத்தின் பெயர் 1980களில் யாழ்ப்பாணப் பத்திரிகைச் செய்திகள் வழியாகப் பரவியதும் அந்த மரணங்கள் பெருகியதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. ஆகவே அதை இங்கே எழுதவில்லை.

கரியைக் கொடுப்பதா இல்லையா என்பதை வைத்தியர்கள் இன்றும் நஞ்சைப் பொறுத்தே தீர்மானிக்கிறார்கள். ஆனால் இந்த ஆய்வுகள் எல்லாம் ஒரு பக்கமே கைகாட்டுகின்றன. பெரும்பாலான நோயாளிகளின் உயிர், வயிற்றிலிருந்து எவ்வளவு வெளியே வந்தது என்பதில் தங்கியில்லை.

அப்படியானால் காப்பாற்றுவது எது?

மூச்சு. முதலாவதும் முக்கியமானதும் அதுதான். நம் ஊர்களில் பரவலாகப் பயன்பட்ட பூச்சிகொல்லிகளில் ஒரு பெரிய வகை, நரம்புக்கும் தசைக்கும் இடையிலான செய்தியைக் குழப்பிவிடும். நுரையீரலில் சளியும் நீரும் பெருகும், சுவாசத் தசைகள் தளரும். அந்த நேரத்தில் தேவைப்படுவது ஒட்சிசனும், சுவாசப் பாதையைத் துப்புரவாக வைத்திருப்பதும், அற்றோபின் என்ற மாற்று மருந்தும். நுரையீரல் தெளியும்வரை சில நிமிடங்களுக்கு ஒருமுறை அற்றோபினின் அளவைக் கூட்டிக் கொடுப்பார்கள். வயிறு கழுவுவதற்காக இந்த மருந்தைத் தாமதிப்பது ஆபத்து.

அற்றோபின் கொடுத்த நோயாளியைப் பார்த்து உறவினர்கள் பயப்படுவதுண்டு. உடம்பு சூடாகும், வாய் உலரும், கண்மணி விரியும், சிலர் சம்பந்தமில்லாமல் கதைப்பார்கள், கட்டிலிலிருந்து எழும்ப முயல்வார்கள். "ஆளுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு" என்று அழும் தாய்மார் உண்டு. இது பெரும்பாலும் மருந்தின் விளைவு, அளவைச் சரிசெய்தால் அடங்கும். உடனே வைத்தியருக்குச் சொல்ல வேண்டும், பயந்து ஆளைக் கூட்டிக்கொண்டு போகக்கூடாது.

இரண்டாவது, காத்திருந்து கவனித்தல். இந்த வகை நஞ்சிலிருந்து தேறியதாகத் தோன்றும் சிலருக்கு, ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் கழுத்துத் தசைகளும் சுவாசத் தசைகளும் திடீரெனத் தளர்ந்துவிடும். இந்த நிலையை முதன்முதலில் தெளிவாக விபரித்து 1987இல் உலகுக்குச் சொன்னவர்கள் இலங்கை வைத்தியர்களான நிமல் சேனாநாயக்கவும் லக்ஷ்மன் கரல்லியத்தவும். இதன் ஆரம்ப அறிகுறி மிக எளிமையானது: படுத்திருப்பவரால் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமல் போகும். பக்கத்தில் இருக்கும் உறவினர் அதைக் கவனித்துத் தாதியரிடம் சொன்னால், செயற்கைச் சுவாசம் வழங்க நேரம் கிடைக்கும். அந்த அவதானிப்பு ஓர் உயிரைக் காக்கலாம்.

பனடோல் அளவு மீறிய நோயாளிகளின் கதையும் இப்படித்தான். முதல் நாள் ஆள் சுகமாகவே இருப்பார். ஈரல் பாதிப்புப் பிறகுதான் வெளியே தெரியும். அதற்குத் தகுந்த மாற்று மருந்து இருக்கிறது, ஆனால் முதல் 8 மணித்தியாலங்களுக்குள் தொடங்கினால்தான் அதன் பயன் மிக அதிகம். "ஒன்றுமில்லை, ஆள் நல்லாயிருக்கிறார்" என்று வீட்டில் வைத்திருப்பதும், துண்டு வெட்டிக் கூட்டிக்கொண்டு போவதும் அந்த மணித்தியாலங்களை வீணாக்கிவிடும்.

கழுவவே கூடாத நஞ்சுகள்

பொருளாதாரத் தடைக் காலத்தில் மின்சாரமில்லாத வடக்கில் மண்ணெண்ணெய்தான் வெளிச்சம். மோட்டார் சைக்கிள்கூட அதில் ஓடியது. சோடாப் போத்தலில் ஊற்றி வைத்த மண்ணெண்ணெயைத் தண்ணீரென்று நினைத்துப் பிள்ளைகள் குடிப்பது அன்று அடிக்கடி நடந்தது. அந்த வழக்கம் பல வீடுகளில் இன்றும் முற்றாகப் போகவில்லை.

மண்ணெண்ணெய், பெற்றோல், தின்னர் போன்றவை வயிற்றில் செய்வதைவிட நுரையீரலில் செய்யும் சேதமே பெரிது. வாந்தியெடுக்கும்போது ஒரு சிறிய அளவு நுரையீரலுக்குள் இறங்கினாலே கடுமையான நிமோனியா வரும். ஆகவே இவற்றைக் குடித்த பிள்ளைக்கு வாந்தி வரவைக்கவும் கூடாது, வயிறு கழுவும்படி கேட்கவும் கூடாது. அமிலம், மலசலகூடம் சுத்தமாக்கும் திரவம் போன்ற அரிக்கும் பொருட்களுக்கும் இதே விதிதான். அவை உள்ளே போகும்போதே உணவுக்குழாயை எரித்துவிடும். வாந்தியாகத் திரும்பி வந்தால் மீண்டும் எரிக்கும். புண்ணான இடத்தில் குழாய் பட்டால் துளை விழலாம்.

வீட்டில் இருப்பவர்கள் செய்யவேண்டியது

உப்புத் தண்ணீர், சவர்க்காரத் தண்ணீர், மாட்டுச்சாணம் கரைத்த நீர், பச்சை முட்டை, இளநீர், பால் என்று எதையும் பருக்க வேண்டாம். தொண்டைக்குள் விரல்விட்டு வாந்தியெடுக்க வைக்கவும் வேண்டாம். வைத்தியசாலைக்கு வருமுன்னர் வீட்டில் செய்யப்படும் "வயிறு கழுவுதல்" இவை. ஆபத்தும் அதேதான்.

நினைவு மங்கியிருந்தால் இடப்பக்கமாகச் சரித்துப் படுக்கவையுங்கள். வாயில் சளியோ வாந்தியோ இருந்தால் துடைத்துவிடுங்கள். உடுப்பிலோ தோலிலோ பூச்சிகொல்லி பட்டிருந்தால் உடுப்பை மாற்றி, சவர்க்காரமிட்டுத் தண்ணீரால் கழுவுங்கள், உங்கள் கைகளையும் பாதுகாத்துக்கொள்ளுங்கள். உடனடியாகக் கழுவ வேண்டியது வயிற்றையல்ல, தோலைத்தான்.

1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். 2018ஆம் ஆண்டிலிருந்து அது வடக்கிலும் இலவசமாக இயங்குகிறது. போத்தல், மாத்திரை உறை என எது கிடைத்தாலும் கையோடு கொண்டு போங்கள். என்ன நஞ்சு, எத்தனை மணிக்கு என்ற இரண்டு தகவல்களும், வாசலில் போடும் எந்தச் சத்தத்தையும்விட வைத்தியருக்கு உதவும். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் 1988ஆம் ஆண்டு முதல் இயங்கும் தேசிய நஞ்சுத் தகவல் நிலையத்தை 011 268 6143 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.

வைத்தியரிடம் கேட்பதற்கும் பிரயோசனமான கேள்விகள் இருக்கின்றன. என்ன நஞ்சென்று நினைக்கிறீர்கள்? அதற்கு மாற்று மருந்து இருக்கிறதா, தொடங்கிவிட்டீர்களா? மூச்சு எப்படி இருக்கிறது? எத்தனை நாள் வைத்துப் பார்க்க வேண்டும்? நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்? இவற்றுக்கு விளங்கும் மொழியில் பதில் பெறுவது நோயாளியினதும் குடும்பத்தினதும் உரிமை. "கழுவத் தேவையில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகும் வைத்தியர் அரைவாசி வேலையையே செய்திருக்கிறார். ஏன் தேவையில்லை என்று இரண்டு நிமிடம் விளக்கினால் வாசலில் பாதிக் கோபம் அடங்கிவிடும்.

பயத்தால் தாமதிக்க வேண்டாம்

பல குடும்பங்கள் வைத்தியசாலைக்குப் போகத் தயங்குவது பொலிஸுக்குப் பயந்து. தற்கொலைக்கு முயல்வது இலங்கையில் ஒரு காலத்தில் தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது உண்மை. 1998இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டுவிட்டது. உயிர்தப்பியவர் குற்றவாளி அல்ல. அவரை அவமானப்படுத்தும் உரிமை ஊருக்கும் இல்லை, விடுதிக்கும் இல்லை. "இனிமேல் செய்யாமலிருக்க ஒரு பாடம்" என்ற எண்ணத்தோடு விருப்பமில்லாத ஒருவரைப் பிடித்துவைத்துக் குழாய் விடுவது சிகிச்சை ஆகாது. அது தண்டனை.

இலங்கையில் உண்மையில் அதிக உயிர்களைக் காத்தது குழாயுமல்ல, கரியுமல்ல. மிக நச்சான பூச்சிகொல்லிகளை 1984 முதல் படிப்படியாகத் தடைசெய்த முடிவுதான். 1984இல் தடையான வகையைச் சேர்ந்த பொலிடோலின் பெயர் இன்னும் நம் பேச்சில் இருக்கிறது, கடையில் இல்லை. 1995இல் 100,000 பேருக்கு 47 என்ற அளவில் உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்த தற்கொலை வீதம், அடுத்த 10 வருடங்களில் ஏறக்குறைய அரைவாசியானது. ஒரு கணத்தின் வேதனையில் கைக்கெட்டுவது குறைந்த நஞ்சாக இருந்தால், பெரும்பாலானோர் பிழைத்துக்கொள்கிறார்கள் என்பதையே இது காட்டுகிறது.

யுத்தம் உச்சத்தில் இருந்த காலங்களில் யாழ்ப்பாணத்தில் தற்கொலைகள் குறைந்திருந்ததை உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் பதிவுசெய்திருக்கிறார். அதன்பின் வந்த அமைதியில் இழப்பு, காணாமலாக்கப்பட்டவருக்கான காத்திருப்பு, நுண்கடன், தனிமை என்று எத்தனையோ சுமைகளை நம் குடும்பங்கள் தனியே சுமக்கின்றன. வயிற்றுக்குள் போன நஞ்சுக்கு வைத்தியசாலை சிகிச்சை செய்யும். ஆள் வீடு திரும்பிய பிறகு வரும் வாரங்களில் பக்கத்தில் இருக்க வேண்டியவர்கள் நாங்கள்தான். "ஏன் இப்படிச் செய்தாய்" என்று விசாரிக்காமல் கூட இருப்பதும், வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் கொடுத்த திகதிக்கு ஆளைக் கூட்டிச் செல்வதும் அந்தச் சிகிச்சையின் மீதிப் பகுதி.

மனம் தாங்காத நேரத்தில், உங்களுக்காகவோ உங்களுக்குத் தெரிந்த ஒருவருக்காகவோ, தேசிய உளநல உதவிச் சேவையை 1926 என்ற இலக்கத்தில் எந்த நேரத்திலும் அழைக்கலாம். 1333 என்ற இலக்கத்திலும் கட்டணமின்றி ஆலோசகர் ஒருவருடன் பேசலாம்.